இரண்டாவது போத்தல்

தலைப்பைப் பார்த்துவிட்டு யாரும் வேறு மாதிரி நினைக்க வேண்டாம். அந்தப் போத்தல் இல்லை இது. இது மூத்திரப் போத்தல். இந்த ஒரு சொல்லை எழுத எனக்கு ஐந்து மாதம் பிடித்தது.

எங்கள் மருதமுனையில் ஒரு சமூக சேவைச் சங்கம் ஆஸ்பத்திரி ஊழியர்களைப் பாராட்டி விழா எடுக்க முடிவு செய்தது. படுத்து எழும்பி வந்தவர்கள் தங்களை நன்றாகக் கவனித்த ஒருவரின் பெயரை எழுதிக் கொடுக்கலாம். செயலாளர் வீடு தேடி வந்து படிவத்தைத் தந்தார். பெயரை எழுத ஒரு நிமிடமும் பிடிக்கவில்லை: புவனேஸ்வரி, சிற்றூழியர், ஆண்கள் வாட்டு. அதற்குக் கீழே "காரணம்" என்று போட்டு ஐந்து கோடுகள் விட்டிருந்தார்கள். அங்கேதான் பேனா நின்றது. மூன்று நாள் பார்த்துவிட்டு "சிறந்த சேவை" என்று இரண்டே சொல்லை எழுதிக் கொடுத்தேன்.

ஒரு கிழமை கழித்துச் செயலாளர் அதே படிவத்தோடு திரும்பி வந்தார். கதிரையில் பாதிதான் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் விசாரித்தார்களாம். அந்த மனுசியின் பைலில் ஒரு விளக்கக் கடிதம் கிடக்கிறதாம். நோயாளி ஒருவரின் அளவைப் பிழையாகக் கொடுத்ததற்கு எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். பிழை விட்ட ஆளுக்குப் பொன்னாடை போர்த்தினால் நாலு பேர் கதைப்பார்கள், வேறு பெயர் இருந்தால் தாருங்கள் என்றார்.

அந்த நோயாளி நான்தான். பிழையும் என்னுடையது. செயலாளருக்கு அது தெரியாது, என் மனைவி ஜெஸீமாவுக்கும் தெரியாது. உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், அதில் மற்ற ஆள் வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, செயலாளரை அனுப்பிவிட்டு முற்றத்தில் போய் நின்றேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். நான் கணக்கு மாஸ்டர். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஊருக்கு மேற்கே வயல் வட்டையில் இரண்டரை ஏக்கர் வேளாண்மை இருக்கிறது. பெரும்போகத்தில் ஒரு நாள் அடைமழை விட்டதும் வக்கடை கட்டப் போனேன். வக்கடை என்றால் ஒரு வயலில் இருந்து மற்ற வயலுக்குத் தண்ணீர் பாய வரம்பில் விட்டிருக்கும் வாய். கூலிக்கு ஆள் வைத்தால் அவன் சரியாகக் கட்டமாட்டான் என்பது என் எண்ணம். எனக்கு என்னைத் தவிர யாருடைய வேலையும் பிடிக்காது, இது ஊரறிந்த விசயம். வலது குதிக்காலில் ஒரு வெட்டுக் காயம் இருந்தது. அதோடுதான் இறங்கினேன்.

அதற்கு முதல் மாதமே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வட்டைக்கு வந்து, வயலில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சல் வராமல் கிழமைக்கு ஒரு முறை குடிக்க வேண்டும் என்று குளிசை பங்கிட்டார். நானும் மரியாதையாக வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். அந்தச் சட்டையை ஜெஸீமா கழுவிக் காயப்போட்டாள். சட்டைக்கு எலிக்காய்ச்சல் வரவில்லை. எனக்கு வந்தது.

முதல் இரண்டு நாள் வெறும் காய்ச்சல் என்றுதான் இருந்தேன். கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். மூன்றாம் நாள் கெண்டைக்கால் இரண்டும் தொட விடவில்லை. கண் சிவந்து, சிவப்புக்குள் மஞ்சளும் ஏறியது. மருமகன் றிஸ்வான் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. தன் போன் கடையைப் பூட்டிவிட்டு ஓட்டோவோடு வந்து, என்னை அப்படியே தூக்கி ஏற்றினான். வெளிநோயாளர் பகுதியில் உட்கார வாங்கில் இடம் இருக்கவில்லை. ஒரு கர்ப்பிணிப் பிள்ளை எழும்பி எனக்கு இடம் தந்தது. வேறு நாளாக இருந்தால் மறுத்திருப்பேன். அன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

வாட்டு டொக்டர் என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்த பிள்ளை. "சேர்" என்று சொல்லிக்கொண்டுதான் கண்ணை விரித்துப் பார்த்தது. வயலில் இறங்கினேனா, காயம் இருந்ததா என்று கேட்டது. எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் ஒரு கிருமி இருக்கும், காயத்துக்குள்ளால் உடம்புக்குள் போகும், ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் என்று விளங்கப்படுத்தியது. இரத்தத்தில் கிரியட்டினின் என்ற ஒன்றை அளந்தார்கள். அது சிறுநீரகம் வடித்து வெளியே அனுப்ப வேண்டிய கழிவு. அது ஏறினால் வடிகட்டி அடைபடுகிறது என்று அர்த்தம். எனக்கு ஏறிக்கொண்டிருந்தது.

கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்கவிட்டார்கள். ஒரு பக்கம் உடம்புக்குள் போகிற தண்ணீர், சேலைனும் சேர்த்து. மற்றப் பக்கம் மூத்திரமாக வெளியே போகிற அளவு. கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் போத்தலும் தந்தார்கள். போகிற ஒவ்வொரு முறையும் அதற்குள்தான் போக வேண்டும், ஒரு துளியும் வெளியே விடக்கூடாது. எவ்வளவு சேலைன் ஏற்றுவது என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்வோம் என்று டொக்டர் பிள்ளை சொன்னது. கணக்கு மாஸ்டருக்கு இதைவிட எப்படிச் சொல்வது?

இப்போதுதான் என் வெட்கத்துக்கு வருகிறேன். குர்ஆன் ஓதப் போன வயதில் லெப்பை எங்களுக்குச் சொல்லித் தந்த பயங்களில் பெரிய பயம் இதுதான்: மூத்திரம் பெய்துவிட்டுச் சுத்தம் செய்யாதவனுக்குக் கப்ரிலே, மண்ணறைக்குள்ளே, வேதனை. அறுபது வயது வரைக்கும் தண்ணீர் இல்லாமல் நான் போனதில்லை. நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, அதுவும் தெரியும். ஆனால் மவுத்து, சாவு, கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது சலுகையை நம்பிப் படுக்க மனம் வரவில்லை. கையில் சேலைன், எழும்பி நடக்கக் கால் இல்லை. என்ன செய்தேன்? தலையணைக்குக் கீழே குடிதண்ணீர்ப் போத்தல் ஒன்றை ஒளித்து வைத்தேன். மறைப்புத் துணிக்குள் காரியம் முடிந்ததும், போர்வைக்குக் கீழே அந்தத் தண்ணீரால் கழுவிக்கொள்வேன். கட்டில் நனையக் கூடாதே என்று அந்தத் தண்ணீர் முழுவதையும் அளவுப் போத்தலுக்குள்ளேயே விழ விடுவேன்.

றிஸ்வானுக்கு இது தெரியாது. நான் போத்தலை எடுத்தாலே அவன் மறைப்பை இழுத்துவிட்டு வெளியே போய், எனக்குக் கேட்கும்படி கிரிக்கெட் கதை சொல்லத் தொடங்கிவிடுவான். மாமாவின் மானத்தைக் காக்கிறானாம். இரவிலும் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுக் கிடந்தான். நான் இருமினால் தலை தெரியும்.

இரண்டு நாள் தாளில் அருமையான கணக்கு விழுந்தது. ஒன்றரை லீற்றர் போகிறது என்று எழுதினார்கள். அதை நம்பிச் சேலைனும் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் என் கால் வீங்கியது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. கிரியட்டினின் இன்னும் ஏறியது. டொக்டர் பிள்ளை தாளைப் பார்க்கும், என் காலை அமத்திப் பார்க்கும், திரும்பவும் தாளைப் பார்க்கும். பெரிய டொக்டரோடு இங்கிலீசில் கதைத்தது. அதில் "டயாலிசிஸ்" என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. சிறுநீரகம் செய்கிற வேலையை மெசின் செய்வது. மெசினில் ஏறினவன் இறங்கமாட்டான் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. நான் மையித்து அடக்கத்துக்குப் போய் வந்த வீடுகளையெல்லாம் எண்ணத் தொடங்கினேன்.

போத்தலில் இருந்தது முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் என்று எனக்குத் தெரியவே தெரியாது என்று இங்கே எழுதலாம். அது பொய். இரண்டாம் நாள் பின்னேரம் எனக்கு உதித்தது. ஒரு தரத்துக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு ஆறு தரம் என்று மனக்கணக்கும் போட்டேன். விடையும் வந்தது. ஆனால் என்னிடம் படித்த பொம்பிளைப் பிள்ளையைக் கூப்பிட்டு, மகள், நான் அதற்குள் கழுவுகிறேன் என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். இப்படியும் ஒரு மடையன் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு மார்க் போட்டிருக்கிறான்.

போத்தல்களை எடுத்து, அளவைத் தாதிக்குச் சொல்லி, ஊற்றிக் கழுவிக் கொண்டுவந்து வைப்பது புவனேஸ்வரி என்ற புவனாக்காவின் வேலை. பாண்டிருப்பைச் சேர்ந்தவர். ஐம்பது வயது இருக்கும். என்னைவிட இளையவர்தான், ஆனால் வாட்டில் எல்லாருக்கும் அவர் அக்கா. கதைத்தால் சண்டை பிடிப்பதாகத்தான் படும். காற்சட்டையைக் கட்டிலில் காயப்போட்டவனுக்கு ஏச்சு, சாப்பிடாதவனுக்கு ஏச்சு. ஏசிக்கொண்டே அவனுடைய சோற்றைப் பிசைந்தும் கொடுப்பார். முதல் இரண்டு நாளும் அவருக்கு லீவு. மூன்றாம் நாள் காலைதான் வேலைக்கு வந்தார்.

வந்து என் போத்தலைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு, கூச்சமே இல்லாமல் முகர்ந்து பார்த்தார். பக்கத்துக் கட்டில் பொடியனுக்கும் எலிக்காய்ச்சல்தான், அவனுடைய போத்தலையும் எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். அவனுடையது சாயத் தேத்தண்ணி நிறம். என்னுடையது இளநீர். என் மஞ்சள் கண்ணைப் பார்த்தார். றிஸ்வானைத் தேத்தண்ணி வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, மறைப்பை இழுத்தார். அந்த மனுசி குரலைக் குறைத்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சேர், நான் ஒண்டு கேக்கன், கோவிச்சிராதீங்க. போத்தலுக்குள்ள கழுவுறீங்களா?"

நான் கூரையைப் பார்த்தேன். அவர் தலையணைக்குக் கீழே கையை விட்டுத் தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். பாதி வெறுமையாக இருந்தது. அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முப்பது வருசம் கணக்குப் படிப்பிச்ச ஆளாம். தண்ணியையும் சேத்துக் கூட்டினா விட சரி வருமா சேர்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்னப் பிள்ளைக்கு வருகிற அழுகை, அடக்க முடியவில்லை. நஜீஸோட, இந்த அசுத்தத்தோட, கிடந்து மவுத்தாக ஏலாது தங்கச்சி என்றேன். அவர் ஏசவில்லை. சிரிக்கவும் இல்லை. ஒங்கட சுத்தத்த ஆரு வேணாமெண்ட, முதலே சொல்லியிருந்தா வழி செய்திருப்பனே என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு போத்தல். ஒன்றின் கழுத்தில் காயத்துக்குக் கட்டுகிற துணியில் ஒரு துண்டைக் கிழித்து முடிந்திருந்தார்.

"கட்டில்லாதது டொக்டருக்கு. கட்டுப் போட்டது ஒங்கட தொழுகைக்கு. மாறிப் போடாதீங்க."

அவ்வளவுதான். முதலில் அதற்குள், பிறகு இதற்குள். கட்டிலும் நனையாது, கணக்கும் பிழைக்காது. இது என் மண்டைக்கு ஏன் வரவில்லை என்று இன்றைக்கும் என்னையே ஏசுகிறேன்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் யாருக்கும் சொல்லவில்லை. மறைப்புக்கு வெளியே அவர் தலைமைத் தாதியிடம் சொன்னது எனக்கு அப்படியே கேட்டது. ஏழாம் கட்டில் அளவு பிழை, போத்தலில் கழுவின தண்ணீர் கிடந்திருக்கிறது, பழைய கணக்கை வெட்டுங்கள் என்றார். போத்தலைக் கழுவிவிட்டு வடிய விடாமல் வைத்தது யார் என்று தாதி கேட்டார். பிறகு புவனாக்காவின் குரல் வந்தது.

"எங்கட கைப்பிழைதான் மிஸ். நான் பொறுப்பு."

தாதி ஏசினார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். ஓர் ஆளின் உயிர் அந்தத் தாளில் தொங்குகிறது, ஏசத்தான் வேண்டும். விளக்கம் எழுதித் தரச் சொன்னார். புவனாக்கா அந்த இரண்டு நாளும் வேலையில் இல்லாத ஆள், ஆனால் வாட்டுச் சிற்றூழியர்களுக்கு மூத்தவர். அதைக்கூட அவர் சொல்லவில்லை, பழியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மூன்றடி தூரத்தில், மறைப்புக்குப் பின்னால், போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு கிடந்தேன்.

சரியான கணக்கு அன்று பின்னேரமே வந்தது. உண்மையில் எனக்குப் போனது ஒரு நாளைக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. டொக்டர் பிள்ளை ஓடித்தான் வந்தது. சேலைனை நிறுத்தினார்கள், நீர் இறங்க ஊசி போட்டார்கள். நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்கிறது, இன்னும் ஒரு நாள் அதே வேகத்தில் ஏற்றியிருந்தால் படுத்த படுக்கையில் மூழ்கியிருப்பீர்கள் சேர் என்று பிறகு சொன்னது. மெசினிலும் ஏற்றினார்கள். தொடைக்கு மேலே ஒரு குழாய் போட்டு, இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப அனுப்பினார்கள். நாலு மணித்தியாலம் குளிரில் நடுங்கினேன். ஜெஸீமா வெளியே வாங்கில் இருந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தாளாம்.

மூன்று முறை ஏறினேன். நாலாம் முறைக்கு நாள் குறித்திருந்தபோது கட்டில்லாத போத்தலில் முந்நூறு மில்லிலீற்றர் கண்டது. அடுத்த நாள் அறுநூறு. புவனாக்கா அளவை எனக்கும் கேட்கட்டும் என்று வாட்டு முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டுச் சொல்வார். பக்கத்துக் கட்டில் பொடியன் கை தட்டுவான். ஆயிரம் கண்ட அன்று றிஸ்வான் வாட்டுக்கே பேக்கரிப் பணிஸ் வாங்கிக் கொடுத்தான். மூத்திரம் போனதற்குப் பணிஸ் பங்கிட்ட குடும்பம் எங்கள் ஊரில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அல்ஹம்துலில்லாஹ், மெசினில் இருந்து இறங்கி, சொந்தக் காலில் நடந்து வீட்டுக்கு வந்தேன். எலியின் மூத்திரம் என்னைப் படுக்கப்போட்டது, என்னுடைய மூத்திரம் என்னை எழுப்பியது.

வீட்டுக்கு வரும் நாளன்று புவனாக்காவிடம் அந்த விளக்கக் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். அதெல்லாம் கிடந்து போகும், நீங்க குளிசையச் சட்டப் பையில போடாம வாயில போடுங்க என்று விரட்டினார். கிடந்து போகும் என்றுதான் நானும் இருந்தேன். கிடந்ததுதான், போகவில்லை.

செயலாளர் வந்து போன அன்று பின்னேரம் ஜெஸீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். கொஞ்ச நேரம் சிரித்தாள், பிறகு முகம் மாறியது.

"வெக்கம் பெரிசா, அந்த மனிசிட பேரு பெரிசா? அவ ஒங்கட மானத்தக் காத்த. நீங்க அவடத வித்துப்போட்டு இரிக்கீங்க."

அன்றிரவே பழைய இரண்டு சொல்லையும் வெட்டிவிட்டு ஐந்து கோட்டிலும் நெருக்கி எழுதினேன். இடம் போதவில்லை, பின்பக்கமும் எழுதினேன். ஒரு பிரதியைத் தலைமைத் தாதிக்கும் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்து முடித்துவிட்டு, இதை அந்த அக்கா சொல்லவே இல்லையே என்று மட்டும் சொன்னார். செயலாளர் வாசித்துவிட்டு வியர்வையைத் துடைத்தார். இதை மேடையில் எப்படி வாசிப்பது, பொம்பிளைகளும் இருப்பார்கள், கொஞ்சம் மாற்றி எழுதித் தாருங்கள் சேர் என்றார். நீங்கள் வாசிக்க வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன்.

விழா அன்று மண்டபம் நிறைய சனம். முன்வரிசையில் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்கள், பின்னால் என்னிடம் அடி வாங்கிய ஊர் இளைஞர் கூட்டம். எட்டுப் பேருக்குப் பொன்னாடை. ஏழு பேரைப் பற்றியும் "சிறந்த சேவை, அர்ப்பணிப்பு" என்று ஒரே வாசகம் வாசிக்கப்பட்டது. புவனாக்கா வாட்டுச் சீருடையோடுதான் வந்திருந்தார். இரண்டு மணிக்கு வேலையாம். மேடையில் கதிரையின் நுனியில் இருந்தார்.

நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். எலிக்காய்ச்சல், அளவுத் தாள், தலையணைக்குக் கீழே ஒளித்த தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லைக்கூட மாற்றவில்லை. முதலில் பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. மறைப்புக்குப் பின்னால் நான் வாயை மூடிக் கிடந்த இடத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. அந்த அளவைப் பிழையாக்கியது நான், அந்தப் பிழையைக் கண்டுபிடித்தவர் இவர், கண்டுபிடித்ததற்குத் தண்டனையும் வாங்கியவர் இவர் என்று முடித்தேன். ஜெஸீமா மேடை ஏறிப் பொன்னாடையைப் போர்த்தி, அவரைக் கட்டிப் பிடித்தாள். புவனாக்கா என்னைப் பார்த்து, இதப் போய் இவ்வளவு சனத்துக்குள்ள சொல்லுவாங்களா சேர் என்று மெதுவாக ஏசினார். கண் நிறைந்திருந்தது.

அப்போதுதான் மூன்றாம் வரிசையில் ஒருவர் எழும்பினார். வேளாண்மை செய்கிற ஆள், தன் காக்காவோடு, அதாவது மூத்த சகோதரரோடு, வட்டையில் கண்ட முகம். சனத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போகும்போதே போனைக் காதில் வைத்துவிட்டார். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்ற எனக்கே அவர் குரல் கேட்டது.

"டேய், வாட்டுல கிடக்கிற காக்காட்டக் கேளு, அளவுப் போத்தலுக்குள்ளயா கழுவுற எண்டு. இல்ல, வெக்கப்படாமக் கேளு. இப்பவே கேளு."

மண்டபம் அப்படியே திரும்பி வாசலைப் பார்த்தது. புவனாக்கா கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். பொன்னாடையைக் கழற்றி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மேடைப் படியால் இறங்கினார்.

"எத்தினாம் கட்டில் எண்டு கேளுங்க தம்பி" என்றபடி வாசலை நோக்கி நடந்தார்.